கீழ்த்தட்டில் கிடக்கும் கேசட்டுகள்: பல்கலைக்கழக நூலகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலகக் குழுவினருக்கு,

வணக்கம். மாணவர்கள் எங்கிருந்தும் பாட்டுக் கேட்கும்படி நம் நூலகத்தில் இணையவழி இசைச் சேவை தொடங்கப்போகிறீர்கள் என்று அறிந்ததும் மனசு நிறைந்தது. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து தினமும் பஸ் ஏறிப் படிக்க வந்தவன் நான். நூலகத்தில் ஒரே ஒரு ஹெட்போன்தான் நல்லபடி வேலை செய்யும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் முழுக் கச்சேரியை ஒருநாளும் கேட்டு முடித்ததில்லை. இனி வருபவர்கள் வீட்டிலிருந்தே போனில் கேட்கலாம் என்றால் அது சின்ன விஷயமில்லை.

ஆனால் திட்டம் ஒரு வெளிநாட்டுத் தொகுப்புக்குச் சந்தா கட்டுவதோடு நின்றுவிடுமோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன். நக்சோஸ் போன்ற இணைய இசைத் தொகுப்புகள் மேற்கத்தியச் செவ்வியல் இசை படிப்பவர்களுக்குப் பெரிய உதவி. தாராளமாக வாங்குங்கள். ஆனால் அது வாடகை வீடு. ஒரு வருடம் நிதி வராமல் போனால் கதவு சாத்திவிடும். கையில் ஒரு இசைத்தட்டுகூட மிஞ்சாது. நம் சொந்த வீடு நூலகத்தின் கீழ்த்தட்டில் ஒரு அட்டைப்பெட்டிக்குள் கேசட்டுகளாகக் கிடக்கிறது.

சென்ற மாதம் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மேலாக இருந்த கேசட்டில் பால்பாயிண்ட் பேனாவால் 'தோல்பாவைக்கூத்து, 3ஆம் இரவு' என்று எழுதியிருந்தது. எங்கே பாடியது, யார் பாடியது, எந்த வருடம், ஒன்றும் இல்லை. நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. பென்சிலை விட்டுச் சுற்றிப் பார்க்கவே பயமாக இருந்தது.

தோல்பாவைக்கூத்து என்பது தோலில் செய்த பாவைகளின் நிழலைத் திரையில் காட்டி நடத்தும் கூத்து. அதில் இருப்பது கம்பன். பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் (இந்தக் கூத்துக்கான மேடைகளில்), மலையாளம் பேசும் புலவர்கள் கம்பராமாயணப் பாட்டுகளைத் தமிழிலேயே பாடி விளக்கம் சொல்கிறார்கள். சில கோயில்களில் 21 இரவுகள் நடக்கும். திரைக்குப் பின்னால் வரிசையாக 21 விளக்குகள். எதிரே ஒரு ஆள் இல்லாத இரவிலும் பகவதி கேட்கிறாள் என்று பாடுவார்கள். அப்புறம் பொறாட்டு நாடகம், கண்யார்களி என்ற பாலக்காட்டு நாட்டார் கலைகள், இவற்றிலும் தமிழும் மலையாளமும் கலந்த பாட்டுகள் உண்டு. இதையெல்லாம் எந்தச் சந்தாவில் தேடுவது?

செலவைச் சொல்லித் தள்ளிப்போட வேண்டாம். பாதுகாப்புப் பிரதியை 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2 ஜிபி. 500 மணி நேரத்துக்குச் சுமார் ஒரு டெராபைட்; இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு இடத்தில் வைக்கலாம். கேட்பதற்கான பிரதி 128 கேபிபிஎஸ் போதும். நூறு பேர் ஒரே சமயத்தில் கேட்டாலும் 13 எம்பிபிஎஸ்தான். நல்ல நிலையில் உள்ள கேசட் டெக்கும் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரும்தான் இப்போது அரிது. அவர்களை முதலில் தேடுங்கள்.

தேடல் பக்கத்தை அமைப்பவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். 'பாடகர், ஆல்பம், இசையமைப்பாளர்' என்று மூன்று கட்டம் போட்டால் நம் இசைக்கு ஆகாது. பாலக்காடு மணி ஐயர் வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் கச்சேரிக்கு மிருதங்கம் வாசித்தவர். பக்கவாத்தியத்துக்குத் தனிக் கட்டம் இல்லையென்றால் அவர் பிறந்த மண்ணிலேயே அவர் பெயரைப் போட்டுத் தேடினால் வெறும் பக்கம்தான் வரும். ராகம், தாளம், பாடிய இடம், மொழி எல்லாம் வேண்டும். தோடி என்று ராகப் பெயரைத் தமிழில் அடித்தாலும் மலையாளத்தில் அடித்தாலும் ஒரே பதிவுக்குப் போக வேண்டும்.

உரிமை விஷயத்தில் அவசரப்படாதீர்கள். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி வெளியான ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. பாடியவருக்கும் நிகழ்த்திய வருடத்திலிருந்து 50 ஆண்டு உரிமை உண்டு. பாதுகாக்கப் பிரதி எடுப்பது வேறு, எல்லோருக்கும் ஒலிபரப்புவது வேறு. எனவே புலவர்களின் வீட்டுக்கு நேரில் போய் அனுமதி கேளுங்கள். ஒரு படிவத்தைத் தபாலில் அனுப்பிக் கையெழுத்து வாங்குவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அப்பாவின் குரல், தாத்தாவின் குரல் அதில் இருக்கலாம். முதல் பிரதி அவர்கள் கைக்குப் போகட்டும். யார் குரல், எந்தக் கோயில் என்று லேபிளில் இல்லாததை அவர்கள்தான் கேட்டுச் சொல்ல முடியும்.

பல்கலைக்கழக அடையாள அட்டை உள்ளவர்களுக்கு மட்டும் என்று பூட்டிவிடவும் வேண்டாம். அனுமதி கிடைத்த பதிவுகளை ஊர் வாயனசாலைகளிலும் (வாசகசாலைகளிலும்) கேட்கவிடுங்கள். கூத்து நடக்கும் ஊர்க்காரர்களுக்கு அதைக் கேட்க உரிமை இல்லையா?

சனிக்கிழமைகளில் வந்து கேசட்டுகளைக் கேட்டுப் பட்டியல் எழுதிக் கொடுக்க நான் தயார். தமிழ் படிக்கும் இரண்டு மாணவர்களையும் கூட்டி வருகிறேன். குழு கூடி முடிவெடுக்க நாளாகலாம், சரி. அதற்குள் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) வந்துவிடும். அந்தப் பெட்டியை மட்டும் இந்த வாரமே ஈரத் தரையோரத்திலிருந்து எடுத்துக் காய்ந்த அறையில் வையுங்கள்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு பழைய மாணவன்