தாகத்துக்குக் கூல்டிரிங்ஸா? பள்ளித் தாளாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும்,

வணக்கம். கேன்டீன் விஷயமாக நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டும் அலுவலகத்தில் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறேன். பதில் வராததால் இதை எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று.

போன வியாழக்கிழமை என் மகளின் கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். மூன்றாம் வகுப்பு, எட்டு வயது. இரண்டு இரவுகள் கன்னத்தைத் தலையணையில் அழுத்திக்கொண்டு அழுதாள். பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்று கிராம்பை வைத்துச் சமாளித்தேன். "இது ஆறு வயதில் முளைக்கும் நிரந்தரப் பல் சார், இனி முளைக்காது" என்றார் பல் டாக்டர். அந்தப் பல் அவள் வாயில் இருந்தது மொத்தம் இரண்டு வருடம்.

என்ன குடிப்பாள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, அவளே சொன்னாள். கொண்டுபோகும் தண்ணீர் பதினொரு மணிக்கே தீர்ந்துவிடுமாம். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் குடிநீர் மெஷின் ஆடி மாதத்திலிருந்து ஓடவில்லை. அதனால் கேன்டீனில் பத்து ரூபாய் கூல்டிரிங்ஸ் பாட்டில். காசு தீர்ந்துவிடுமே என்று ஒரேயடியாகக் குடிக்காமல், மேசைக்குள் வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க ஒவ்வொரு மிடறாகக் குடிப்பாளாம். சிக்கனமான பிள்ளை.

கெடுத்ததே அந்தச் சிக்கனம்தான் என்றார் டாக்டர். வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் கக்கும். போதாததற்குப் பானத்திலேயே அமிலம் இருக்கிறது. அமிலத்தை அளக்கும் பிஹெச் (pH) எண் குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று அர்த்தமாம்; அது 5.5-க்குக் கீழே இறங்கினாலே பல்லின் மேற்பூச்சான எனாமல் கரையத் தொடங்கும். கோலா வகையறா 2.5-ஐ ஒட்டியிருக்கிறது. எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணி நேரமாவது வேண்டும். அதற்குள் அடுத்த மிடறு. வீட்டுக்கு வந்ததும் அவளை நாங்கள் பல் தேய்க்க வைத்தது இன்னொரு கூத்து. இளகிய எனாமல் பிரஷ்ஷில் தேய்ந்துவிடுமாம்; தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டுமாம்.

வீட்டில் நீங்கள் வாங்கித் தருவதில்லையா என்று கேட்பீர்கள். தீபாவளிக்கும் கல்யாணங்களுக்கும் தந்திருக்கிறேன். அந்தப் பங்கு என்னுடையது. தினமும் தாகத்துக்குத் தந்தது நானில்லை. ஆகவே கேட்கிறேன்: கேன்டீனில் கூல்டிரிங்ஸ் வைத்திருக்கும் அந்தக் குளிர்பெட்டியை எடுங்கள், குடிநீர் மெஷினை ஓட வையுங்கள்.

சட்டம் தெரியாதவர்கள் இல்லை நீங்கள். சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக் கேன்டீனிலோ வளாகத்தைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளோ மாணவர்களுக்கு விற்கக்கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி போட்டுவிட்டது. 2025 மே மாதம் சிபிஎஸ்இ 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொன்னதும் நீங்களும் வைத்தீர்கள், நன்றி. எந்த பாட்டிலில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று வண்ணப் படத்தோடு, கேன்டீனுக்கு நேர் எதிரே. 250 மில்லியில் ஏறக்குறைய ஆறு ஸ்பூன். காசுக்கு எது அதிக இனிப்பு என்று பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்களாம். உணவகத்து விலைப்பட்டியல்கூட இவ்வளவு தெளிவாக இருக்காது.

கட்டண ரசீதில் 'குடிநீர் பராமரிப்பு' என்று ஒரு வரி வருகிறது. விளையாட்டு விழாவில் ஆரோக்கியத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசிய சிறப்பு விருந்தினர், வென்ற பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கூல்டிரிங்ஸ் கொடுத்து அனுப்பினார். குளிர்பெட்டியை கம்பெனிக்காரர் இலவசமாகத் தந்தார் என்று கேள்வி. இலவசம்தான். பல்லுக்கு நான் கட்டிய பில்லைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். உங்கள் பள்ளியின் மேல் மரியாதை இல்லாமல் எழுதவில்லை, இருப்பதால்தான் டி.சி. கேட்காமல் கடிதம் எழுதுகிறேன். மோர், எலுமிச்சைச் சாறு என்றெல்லாம் கேட்கவில்லை. தண்ணீர் போதும். குளிர்பெட்டியை எடுத்துவிட்டு, குழாயில் தண்ணீர் வர ஏற்பாடு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை என் மகள் பள்ளிக்கு வருகிறாள். அதுவரை மெஷின் ஓடாது என்று தெரிந்து இரண்டு பாட்டில் தண்ணீர் கொடுத்தனுப்புகிறேன். பை கனக்கிறது என்கிறாள்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை