மூன்று மாத அட்வான்ஸ் சட்டம் சத்தி ரோட்டுக்கும் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையின் புறநகரில் வாடகை ஏறிவிட்டது என்று அடிக்கடி செய்தி வருகிறது. அட்வான்ஸைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை. வெளியூரிலிருந்து புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களை முதலில் திணறடிப்பது அதுதான்.

எனக்குச் சொந்த ஊர் முத்தூர் பக்கம். அப்பா தேங்காய்க் களத்தில் வேலை பார்க்கிறார். எம்.எஸ்சி., பி.எட். முடித்துவிட்டு கடந்த ஜூனில் சரவணம்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் கணித ஆசிரியையாகச் சேர்ந்தேன். சம்பளம் 17,000 ரூபாய். பி.எப். பிடித்தம் 1,800 போக 15,200 கைக்கு வரும். ஊரிலிருந்து தினமும் போய்வரும் தூரமில்லை. என்னைத் தனியாக அனுப்ப வீட்டில் மனசில்லாததால் அம்மாயி (அம்மாவின் அம்மா) துணைக்கு வந்தார். லேடீஸ் ஹாஸ்டலில் அம்மாயிக்கு இடம் கிடையாது. அதனால் வீடு தேடினோம்.

சரவணம்பட்டி 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்தது. ஒரு பக்கம் பொறியியல் கல்லூரிகள், கீரணத்தம் பக்கம் ஐ.டி. நிறுவனங்கள். கம்பெனியில் வேலை செய்யும் மூன்று பேர் சேர்ந்தால் 20,000 வாடகை அவர்களுக்குக் கட்டுப்படியாகும். அதே தெருவில் ஒரு டீச்சரால் அந்த வாடகைக்கு வீடு பிடிக்க முடியாது. ஆகவே எங்களைப் போன்றவர்கள் சத்தியமங்கலம் போகும் சத்தி ரோட்டிலேயே குரும்பபாளையம், கோவில்பாளையம் என்று தள்ளித் தள்ளிப் போகிறோம். எங்களுக்குக் கோவில்பாளையத்தில் லைன் வீடு ஒன்று அமைந்தது. ஒரு ஹால், ஒரு சமையலறை, பின்னால் பாத்ரூம். வாடகை 7,500.

அதற்கு முன்னால் பார்த்த வீடுகளில் கேட்ட கேள்விகளையும் சொல்ல வேண்டும். “வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?” என்று கேட்டார்கள். “உங்க குலதெய்வம் எந்தக் கோயிலுங்க?” என்று கேட்டார்கள். கொங்கு நாட்டில் அந்தக் கேள்வி எதைத் தெரிந்துகொள்வதற்கு என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். எந்தப் பள்ளியில், என்ன பாடம் நடத்துகிறேன் என்பதை மட்டும் பதிலாகச் சொன்னேன். அதற்குப் பிறகு சில இடங்களில், “சொந்தக்காரங்க வர்றாங்கன்னு சொல்லியிருக்காங்க, அப்புறம் போன் பண்றோங்க” என்றார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வருகிறவரிடம் இப்படிக் கேட்பது தப்பு. யாரிடம் கேட்டாலும் தப்புதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்காரர் முதலில் கேட்டது பத்து மாத அட்வான்ஸ். அப்பா நேரில் வந்து பேசி, எட்டு மாதத்துக்கு இறக்கினார். அது 60,000. முதல் மாத வாடகை 7,500, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 7,500. மொத்தம் 75,000 ரூபாயைக் குடியேறும் முன்பே கொடுக்க வேண்டியிருந்தது. என் கைக்கு வரும் சம்பளத்தில் இது கிட்டத்தட்ட ஐந்து மாதப் பணம். ஜூனில் சேர்ந்தவளுக்கு முதல் சம்பளம் ஜூலையில்தான் வந்தது. அம்மாவின் நகையை வைத்துத்தான் கட்டினோம். அந்தக் கடனுக்கான வட்டி இன்னும் என் சம்பளத்திலிருந்து போய்க்கொண்டிருக்கிறது.

நம் மாநிலத்தில் வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது அதன் 11-வது பிரிவு. ஆனால் ‘வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலன்றி’ என்று அதே பிரிவு ஆரம்பிக்கிறது. வீடு வேண்டுமே என்று நிற்கிறவர் எந்த ஒப்பந்தத்துக்கும் கையெழுத்துப் போடுவார். அப்படியானால் அந்த மூன்று மாத வரம்பு யாரைக் காப்பாற்றும்? மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்தில் குடியிருப்புக்கு இரண்டு மாதம்தான் உச்சவரம்பு. நாம் மூன்று மாதத்தையாவது விலக்கில்லாமல் கடைப்பிடிக்கலாமே. சட்டப்படி மூன்று மாதம் என்றால் நான் கொடுத்திருக்க வேண்டியது 22,500. மீதி 37,500-க்கு நகை அடகுக்குப் போயிருக்காது.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இணையத்திலேயே பதியலாம். ஆனால் சத்தி ரோட்டில் இன்றும் நடப்பது பதினோரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவதுதான். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர் வாடகை அதிகாரியாக இருக்கிறார் என்பதே என்னோடு வேலை செய்யும் டீச்சர்கள் பலருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்காரர் பக்கத்தையும் கேட்டேன். “ரெண்டு மாசம் வாடகையை நிறுத்திப்போட்டு ராத்திரியோட ராத்திரியா காலி பண்ணீட்டுப் போயிடறாங்க டீச்சர். பெயிண்ட் அடிக்கோணும், மோட்டார் ரிப்பேர் பார்க்கோணும். நானு யாரைப் போயிக் கேக்கறதுங்க?” என்றார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. கடன் வாங்கித்தான் அந்த லைன் வீடுகளைக் கட்டியிருக்கிறார். ஆனால் இரண்டு மாத பாக்கிக்கும் பெயிண்ட்டுக்கும் மூன்று மாத அட்வான்ஸ் போதுமே. எட்டு மாதப் பணம் வீட்டுக்காரரின் கடனை அடைக்கத்தான் போகிறது. அதனால்தான் காலி செய்யும்போது, “அடுத்த ஆளு வந்து அட்வான்ஸ் குடுத்தாத்தான் உங்களுதைத் தர முடியும்” என்ற பேச்சு வருகிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். எங்கள் பள்ளியில் தமிழ் நடத்திய அக்கா கல்யாணமாகி ஈரோட்டுக்குப் போனார். பழைய வீட்டு அட்வான்ஸுக்காக, லீவு நாட்களில் பஸ் ஏறி வந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மாதாமாதம் கை கடிப்பதும் இருக்கிறது. லைன் வீடுகளில் பல இடங்களில் மொத்தத்துக்கும் மின் இணைப்பு ஒன்றுதான், உள்ளே வீட்டுக்கு ஒரு சப் மீட்டர். எங்களிடம் யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார்கள். ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு 2016 முதல் கொடுக்கிறது. நானும் அம்மாயியும் மாதம் 35 யூனிட்டைத் தாண்டுவதில்லை. தனி இணைப்பு இருந்தால் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியிருக்காது. நல்ல தண்ணீர் தினமும் வராது, போர் தண்ணீர் உப்பு. ஊரில் கிணற்றுத் தண்ணீர் குடித்துப் பழகிய அம்மாயிக்கு அது சேரவில்லை. அதனால் கேன் தண்ணீர் வாங்குகிறோம். காலையில் மகளிர் இலவச டவுன் பஸ் கிடைத்தால் பள்ளிக்குப் போகச் செலவில்லை. தவறவிட்டால் தனியார் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும்.

இதெல்லாம் ஆசிரியர்களின் சொந்தக் கஷ்டம், பள்ளிக்கு என்ன என்று நிர்வாகங்கள் நினைக்கலாம். நடுவருடத்தில் ஒரு கணக்கு டீச்சர் ஊருக்கே திரும்பிவிட்டால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்தான் தவிக்கிறார்கள். நான் பாடம் எடுக்கும் பிரிவுக்கு அப்படித்தான் போன வருடம் இரண்டு பேர் மாறினார்கள் என்று பிள்ளைகளே சொன்னார்கள். முக்கோணவியல் அவர்களுக்குப் பாதியில் நின்றிருந்தது. அதைச் சரிசெய்து முடிக்கவே ஆடி மாதம் ஆகிவிட்டது. வெளியூரிலிருந்து வரும் ஆசிரியர்களுக்கு அட்வான்ஸ் தொகையைப் பள்ளியே முன்பணமாகக் கொடுத்து, மாதம் இரண்டாயிரம் என்று சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம். பள்ளிக்கு அதில் நஷ்டம் இல்லை. எங்கள் வீடுகளில் நகை அடகுக்குப் போகாது.

அரசிடம் கேட்பது, 11-வது பிரிவிலுள்ள அந்த விலக்கை எடுத்துவிட வேண்டும் என்பதுதான். அதற்குச் சட்டமன்றம் வரை போக வேண்டும், நாளாகும். ஆனால் வாடகை அதிகாரியின் அலுவலகம் எங்கே, போன் நம்பர் என்ன, அட்வான்ஸ் எவ்வளவு, திருப்பித் தர எத்தனை நாள் என்று தமிழில் ஒரு போர்டு எழுதி வைக்கச் சட்டத் திருத்தம் தேவையில்லை. மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும், கோவில்பாளையம் சேர்ந்திருக்கும் எங்கள் சர்க்கார்சாமக்குளம் போன்ற பேரூராட்சி அலுவலகங்களிலும் மாவட்ட நிர்வாகம் அதை வைக்கலாம். லைன் வீடுகளுக்குத் தனித்தனி இணைப்பு கொடுக்க மின்வாரியம் ஒரு முகாம் நடத்தலாம். புதிய ஆசிரியர்கள் மே கடைசியில் வீடு தேட வருவார்கள். அதற்கு முன்பே இவை நடந்தால் நல்லது.

இப்படிக்கு,
கணித ஆசிரியை,
கோவில்பாளையம், கோவை மாவட்டம்.
(என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)