தேதியோடு நாள்காட்டியையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

பொது அறிவுப் பகுதிகளில் ‘ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸும் ஒரே நாளில் மறைந்தார்கள்’ என்று ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கிறது. ஷேக்ஸ்பியர் இறந்தது 1616 ஏப்ரல் 23. ஆனால் அது இங்கிலாந்து அப்போது பின்பற்றிய பழைய ஜூலியன் நாள்காட்டிப்படி. அன்று, செர்வாண்டிஸ் இறந்த ஸ்பெயினில் புதிய கிரிகோரியன் நாள்காட்டிப்படி மே 3 ஆகிவிட்டது.

1582இல் போப் 13ஆம் கிரிகோரி ஜூலியன் நாள்காட்டியைத் திருத்தி இந்தப் புதிய நாள்காட்டியைக் கொண்டுவந்தபோது 10 நாட்களை நீக்கினார். அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. இங்கிலாந்து 1752இலும் ரஷ்யா 1918இலும்தான் மாறின.

பழைய தேதியை மாற்றும்போது எல்லாவற்றுக்கும் 13 நாள் கூட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. 1700, 1800, 1900 ஆகியவை ஜூலியன் முறையில் லீப் ஆண்டுகள், கிரிகோரியனில் இல்லை. அதனால் வித்தியாசம் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு கூடியது: 1700 பிப்ரவரி வரை 10 நாள், 18ஆம் நூற்றாண்டில் 11, 19இல் 12, 20இல் 13. 1870 ஏப்ரல் 10இல் பிறந்த லெனினுக்கு 12 கூட்டி ஏப்ரல் 22 என்கிறோம்; 1917 அக்டோபர் 25இல் நடந்த புரட்சிக்கு 13 கூட்டி நவம்பர் 7. அக்டோபர் புரட்சியின் ஆண்டு விழா நவம்பரில் வருவது இதனால்தான்.

ஆண்டே மாறுவதும் உண்டு. 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. அப்போது இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்த அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது பதிவானது 1731 பிப்ரவரி 11. இன்றைய கணக்கில் 1732 பிப்ரவரி 22.

போட்டித் தேர்வு எழுதுவோர் இப்பகுதிகளை வெட்டி வைத்துப் படிக்கிறார்கள். இத்தகைய தேதிகளுக்குப் பக்கத்தில் ‘பழைய முறை’, ‘புதிய முறை’ என்று குறிப்பிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர்