பூங்காவை முழுதாகச் சுற்றிக் காட்டப் போவதில்லை: நான்காம், ஐந்தாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

வரும் சனிக்கிழமை நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை நகரின் பெரிய பூங்காவுக்கு அழைத்துச் செல்கிறோம். காலை 7.30 மணிக்குப் பள்ளி வாசலிலிருந்து பேருந்து புறப்படும். மதியம் ஒரு மணிக்குள் திரும்பிவிடுவோம். சீருடை வேண்டாம், அழுக்கானாலும் பரவாயில்லை என்று நீங்கள் நினைக்கும் உடை போதும்.

"அங்கேதான் அடிக்கடி போகிறோமே, இதற்கு எதற்குப் பள்ளிச் சுற்றுலா?" என்று சிலர் வகுப்பாசிரியர்களிடம் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். பிள்ளைகள் பூங்காவுக்குப் போகிறார்கள், உண்மை. ஆனால் போன இடத்தில் அவர்களை நிற்க விடுகிறோமா? ஒரு குழந்தை எறும்பு வரிசையைப் பார்த்துக் குனிந்தால், "வா வா, அந்தப் பக்கம் இன்னும் பார்க்கவே இல்லை" என்று கையைப் பிடித்து இழுக்கிறோம். பெரிய பூங்கா என்றாலே ஒரு மூலை விடாமல் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் பெரியவர்களுக்கு வந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு அந்த அவசரம் கிடையாது. அதனால் இந்த முறை மூன்றே இடங்கள்: குளக்கரை, புல்வெளியில் தனித்து நிற்கும் ஒரு பெரிய மரம், விளையாட்டுத் திடல். மற்றதெல்லாம் அங்கேயே இருக்கட்டும்.

குளக்கரையில்தான் அதிக நேரம். அந்தக் குளம் தானாக உண்டானதா, வெட்டியதா என்பதைக் கரையையும் நீர் வரும் வழியையும் பார்த்துப் பிள்ளைகளே சொல்ல வேண்டும். நகரப் பூங்காக்களில் இயற்கை போலத் தோன்றும் பலவும் மனிதர் செய்தவை. நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் உள்ள ஏரிகளும் குளங்களும் ஆட்கள் உருவாக்கியவையே. அதை வடிவமைத்த இருவரில் ஒருவரான பிரெடெரிக் லா ஓம்ஸ்டெட், அதற்கு முன் 1850இல் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் பூங்காவுக்குப் போயிருந்தார். 1847இல் பொதுப் பணத்தில், பொதுமக்களுக்கென்றே திறக்கப்பட்ட பூங்கா அது. ஐந்தாம் வகுப்பினருக்கு இந்தக் கதையைப் பேருந்திலேயே சொல்லிவிடுவோம்.

கரையில் தட்டான்கள் பறக்கும். உட்காரும்போது இறக்கையை விரித்தே வைத்திருப்பது தட்டான். பெரும்பாலும் உடலோடு சேர்த்து மடக்கிக்கொள்வது ஊசித்தட்டான். இரண்டின் குஞ்சுகளும் தண்ணீருக்குள் வளர்கின்றன, கொசுப் புழுக்களையும் தின்கின்றன. பிடித்து வாலில் நூல் கட்டும் விளையாட்டு நமக்கெல்லாம் தெரிந்ததுதான். சனிக்கிழமை அது கிடையாது. வாத்துகளுக்குப் போட ரொட்டித் துண்டு கொடுத்தனுப்பவும் வேண்டாம். ரொட்டியால் வாத்துக்கு வயிறு நிறையுமே தவிரச் சத்து போதாது. மிஞ்சியது நீரில் அழுகிப் பாசி பெருகும்.

மரத்தடியில் கணக்கு வகுப்பு நடக்கும். மரத்தில் ஏறாமலே அதன் உயரத்தை அளக்கப் போகிறோம். ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு அதன் நிழலை அளக்க வேண்டும். அதே நேரத்தில் மரத்தின் நிழலையும் அளக்க வேண்டும். குச்சியின் நிழல் 80 செ.மீ., மரத்தின் நிழல் 12 மீட்டர் என்றால் மரத்தின் உயரம் 15 மீட்டர். தரை சமமாக இருக்க வேண்டும், நிழல் முழுதாகத் தரையில் விழ வேண்டும். தனி மரத்தைத் தேர்ந்தெடுத்தது அதற்காகத்தான். அடிமரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் எடுப்போம். வேரோடு சேர்ந்து பருத்திருக்கும் அடிப்பகுதியை அளந்தால் கணக்கு ஏமாற்றிவிடும். வீட்டில் தையல் அளவு நாடா இருந்தால் கொடுத்தனுப்புங்கள், பத்திரமாகத் திரும்பும்.

விளையாட்டுத் திடலைப் பற்றி, உடன் வரும் பெற்றோருக்கும், விடுமுறையில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். சின்னக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்குமரத்தில் இறங்காதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்துத்தான் செய்கிறோம். ஆனால் குழந்தையின் கால் சறுக்கின் ஓரத்தில் மாட்டினால், பெரியவரின் எடையும் வேகமும் சேர்ந்து எலும்பையே முறித்துவிடும். தனியாகச் சறுக்கும் குழந்தை கால் மாட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். தனியே சறுக்க முடியாத குழந்தைக்கு அந்தச் சறுக்குமரம் இன்னும் பெரிது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறிய பிறகு, உலோகமோ பிளாஸ்டிக்கோ, முதலில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள். சால்வை, தொங்கும் கயிறு, கழுத்தில் மாட்டிய அடையாள அட்டை எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். அட்டைகளைத் திடலின் வாசலிலேயே ஆசிரியர்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

கூட்டத்தில் பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதை இந்த வாரம் வகுப்பில் சொல்லித் தருகிறோம். நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், உரக்கக் கூப்பிட வேண்டும், பூங்கா ஊழியரிடமோ குழந்தைகளோடு வந்திருக்கும் ஒரு தாயிடமோ சொல்ல வேண்டும். தேடிக்கொண்டு ஓடும் குழந்தையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். வீட்டிலும் ஒரு முறை பேசுங்கள், ஆனால் பயமுறுத்தாமல். உங்கள் கைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதிப் பையின் உள்ளே வையுங்கள். பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம்; பெயர் சொல்லிக் கூப்பிடும் எவரையும் தெரிந்தவர் என்று பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். புறப்படும் முன் அன்றைய உடையில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது எந்த வெளியூர்ப் பயணத்துக்கும் நல்லது.

துணைக்கு வருவதாகச் சொன்ன பெற்றோருக்கு நன்றி. உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள், கைபேசியில் தேடியும் காட்டாதீர்கள். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். இது ஆசிரியர்களுக்கே கடினம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் சொந்தப் பிள்ளை இருக்கும் குழுவில் உங்களைப் போட மாட்டோம். காரணம் உங்களுக்கே தெரியும்.

திரும்பி வந்ததும் "நான் சென்ற சுற்றுலா" என்று கட்டுரை எழுதச் சொல்லப் போவதில்லை. ஊஞ்சலில் ஆடும்போதே முதல் வரியை யோசிக்கிற நிலைக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்தது போதும். வரைய விரும்புகிறவர்கள் வரையலாம்.

தண்ணீர் பாட்டில், தொப்பி, வீட்டிலிருந்து சாப்பாடு, ஒரு சிறு துண்டு, இவை கட்டாயம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் இன்ஹேலரை வகுப்பாசிரியர் கையிலேயே கொடுங்கள். தேனீக் கடி, மகரந்தம், ஏதேனும் உணவு என்று எதற்கு ஒவ்வாமை இருந்தாலும் படிவத்தில் எழுதுங்கள். இடியுடன் மழை வரும் என்று முன்னறிவிப்பு இருந்தால் பயணத்தைத் தள்ளி வைப்போம். அப்படியானால் வெள்ளிக்கிழமை மாலைக்குள் தகவல் வரும்.

தம்பி, தங்கைகளையும் அனுப்பலாமா என்று கேட்டவர்களுக்கு: பேருந்தில் இடமில்லை, மன்னிக்கவும். இணைத்துள்ள ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டுப் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்க்க வேண்டுகிறேன். படிவம் தராத பிள்ளையைப் பேருந்தில் ஏற்ற இயலாது.

அன்புடன்,
தலைமையாசிரியர்