வேலூர் வானொலிச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. கோடையில் மட்டும் வெயிலுக்கு அஞ்சி அவற்றை மாலைக்குத் தள்ளினோம். பழைய வட ஆற்காடு இன்று எத்தனை மாவட்டங்களாகப் பிரிந்திருந்தாலும் ராணிப்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் அன்பர்கள் வருகையில் குறை வைக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

பழைய வானொலிப் பெட்டிகளைத் தோற்றம் மாறாமல் சீர்செய்யும் நம்மிடையே இவ்வாண்டு எழுந்த பெரிய வாக்குவாதம், மின்னூட்டத்தைத் தேக்கும் கண்டென்சரைப் பற்றியது. டிரான்சிஸ்டருக்கு முந்தைய, கண்ணாடிக் குமிழ் போன்ற வால்வுகளால் இயங்கும் செட்டுகளில் உள்ள மெழுகுக் காகிதக் கண்டென்சர்கள் இன்று பெரும்பாலும் மின்சாரம் கசிபவையே. ஒலிபெருக்கியை இயக்கும் ஒலி வால்வின் கிரிட்டுக்கு, அதாவது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலைக்கு, போகும் கண்டென்சர் கசிந்தால், இ.எல். 84 போன்ற அந்த வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும். வால்வுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையிலுள்ள அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் கருகக்கூடும். மாற்றத்தான் வேண்டும் என்பதில் சண்டை இல்லை. புதியதை அப்படியே பற்றவைத்தால் என்ன, பின்மூடியைக் கழற்றி யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு சாரார் கேட்டனர். கழற்றிப் பார்ப்பவர்கள்தாமே நாம்! பழைய கண்டென்சரின் குழலைச் சூடுகாட்டி, உள்ளிருப்பதை உருவிவிட்டு, 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டென்சரை நுழைத்து முனைகளை மெழுகால் அடைப்பது என்று முடிவாயிற்று. மெழுகுவத்தி மெழுகு வால்வுச் சூட்டில் இளகி வழிந்தது. தேன்மெழுகில் குங்கிலியம் கலந்த பிறகு நின்றது.

கேபினட்டுக்குப் பளபளக்கும் வார்னிஷ் அடிக்கும் ஆசையை உறுப்பினர்கள் விட்டுவிட வேண்டும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பாலிஷ் போதும். டயல் கண்ணாடியின் பின்புறத்தில் ஈரத்துணி படவே கூடாது. அங்கே அச்சிட்ட சென்னை, இலங்கை நிலையப் பெயர்கள் ஒரே துடைப்பில் போய்விடும். ஒலிபெருக்கியின் முன்துணியைக் குடியாத்தம் நெசவாளர் ஒருவர் பழைய கிழிசலைப் பார்த்தே நெய்து தந்தார். டிரான்சிஸ்டர் செட்டுகளின் தோலுறையை ஆம்பூர் அன்பர் தைத்துத் தந்தார். இருவருக்கும் நன்றி.

தோற்றத்தை விட்டுக்கொடுக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மின்வரவு டிரான்ஸ்பார்மர் இல்லாத, யு வரிசை (பெயர் ‘யு’ எழுத்தில் தொடங்கும்) வால்வு செட்டுகளில் சேஸிஸே, அதாவது உள்ளிருக்கும் உலோகச் சட்டமே, மின்கம்பியோடு நேரடியாகச் சேர்ந்திருக்கும். குமிழின் திருகாணிக் குழியை அக்காலத்தில் மெழுகிட்டு அடைத்தது அழகுக்காக அல்ல, விரல் படாமலிருக்கத்தான். அதை மீண்டும் அடையுங்கள். நைந்த மின்வயரையும் தயங்காமல் மாற்றுங்கள். நெடுநாள் உறங்கிய எந்த செட்டையும் முதலில் 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் வைத்தே போட வேண்டும். பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, உடனே அணைத்துவிடுங்கள்.

புளூடூத் பொருத்தித் தரக் கேட்டு வந்தோருக்காக எந்தப் பெட்டியையும் துளையிடவில்லை. மின்வரவு டிரான்ஸ்பார்மர் உள்ள செட்டாக இருந்து, பின்புறத்தில் கிராமபோனை இணைக்கும் துளையும் இருந்தால் கைப்பேசியை அதிலேயே இணைக்கலாம் என்று காட்டி அனுப்பினோம்.

சங்கத்தின் வால்வு சோதிக்கும் கருவியை இரவல் பெற்ற உறுப்பினர் அடுத்த கூட்டத்துக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பெயரைச் சொல்லவில்லை, அவர் இங்கேதான் அமர்ந்திருக்கிறார்.

செயலாளர்