துண்டு தராமல் எழுதாதீர்கள்

தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். வன்னியில் ஒரு சின்னக் கிராமத்தின் மாதர் சங்கச் செயலாளர் எழுதுகிறேன். கொழும்பில் இருக்கிற உங்களுக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். இருந்தாலும் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

கரண்ட் மீற்றர் பார்க்க வருகிற தம்பி, வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் பில்லைப் படலையில் செருகிவிட்டுப் போவார். நெல்லு விற்றால் துண்டு தருவார்கள். சீட்டுக் காசு கட்டினால் கொப்பியில் கையொப்பம் கிடைக்கும். எங்கள் வீட்டு விபரத்தை எழுதிக்கொண்டு போகிறவர்கள் மட்டும் ஒன்றும் தருவதில்லை.

போன மாசி மாதம் ஒருநாள் காலை, விறாந்தையில் இருந்து கச்சான் உடைத்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். சாதாரண உடுப்பு, நல்ல தமிழ். "அக்கா, சும்மா ஒரு விபரம் எடுக்க வந்தனாங்கள்." எந்த ஒபிஸ் என்று கேட்டேன். "மேலிடம்" என்றார் ஒருவர். மற்றவர் சீ.ஆர். கொப்பியை விரித்தார். வீட்டில் எத்தனை பேர், வெளிநாட்டில் யார், காசு யார் அனுப்புவது, அண்ணாவின் மகனுடைய வட்ஸ்அப் நம்பர் என்ன, சங்கத்தில் யார் யார், மே 18 அன்று போரில் செத்தவர்களை நினைவுகூர முள்ளிவாய்க்காலுக்கு எந்த வாகனத்தில் போனீர்கள். பாதியில் பேனை எழுதவில்லை. "ஒரு பேனை தாங்கோ அக்கா" என்றார். மகளின் பேனையை எடுத்துக் கொடுத்தேன். என்னைப் பற்றி எழுத என் வீட்டுப் பேனை! எழுதி முடித்ததும் அதைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்குப் பாதிப் பேர்கூட வரவில்லை. வட்ஸ்அப் குழுவில் இருந்து ஒவ்வொருவராகக் கழன்றார்கள். அந்தக் குழுவில் நாங்கள் போடுவது கோழிக்குஞ்சு விலையும், கிளினிக் நாளும், கோவில் பொங்கல் திகதியும்தான். ஆனால் யார் வாசிக்கிறார்கள் என்ற யோசனை ஒருமுறை வந்துவிட்டால் கோழிக்குஞ்சு விலை எழுதவும் கை கூசும்.

எழுதப்படுவது எங்களுக்குப் புதிது இல்லை. 2002க்கு முந்தி வவுனியாவில் தங்கப் பாஸ். வன்னியை விட்டு வெளியே போகப் புலிகள் இயக்கத்திடமும் பாஸ், அதற்கு ஒரு பிணையாளி வேறு. இரண்டையும் நான் நல்லது என்று சொல்லவரவில்லை. அலைந்து அலைந்து கால் தேய்ந்தது. ஆனால் அது கையில் ஒரு கடதாசி. திகதியும் கையொப்பமும் இருக்கும். பிறகு 2009இல் போரில் இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். வரிசையில் நின்று பெயர் சொன்னோம், குடும்பமாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். 2012இல் அந்த முகாமை மூடினார்கள். அங்கே எடுத்த படங்களும் பதிவுகளும் இப்போது எந்த அலுமாரியில் இருக்கின்றன? 2011இல் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் இராணுவம் வீடு வீடாகச் செய்த பதிவுக்கு எதிராகத் தமிழ் எம்.பி.மார் உயர் நீதிமன்றம் போன பிறகு, அதை நிறுத்துவதாகச் சட்டமா அதிபர் தரப்பு ஒத்துக்கொண்டது. எழுதினதைக் கிழித்தார்களா என்று யாரும் வந்து சொல்லவில்லை.

"உங்களுக்கு என்ன ஒளிப்பு மறைப்பு?" என்று சிலர் கேட்பார்கள். ஒரு ஒளிப்பும் இல்லை. நாலு வீட்டுக்கு ஒரு கிணறு, இடையில் கிடுகு வேலி. என் வீட்டில் இன்றைக்கு என்ன கறி என்பது பக்கத்து வீட்டு மாமிக்கு மணத்திலேயே தெரியும். ஆனால் அவவின் வீட்டு விஷயம் எனக்கும் தெரியுமே. அவ பிழையாக ஒன்று சொன்னால் வேலியடியில் நின்று கேட்டுவிடுவேன். கொப்பிக்காரரிடம் எங்கே போய்க் கேட்பது? என் பெயருக்குப் பக்கத்தில் அவர் என்ன எழுதினார் என்பதே எனக்குத் தெரியாது.

பாதுகாப்பு வேண்டாம் என்கிற ஆட்களும் நாங்கள் இல்லை. இரவில் மணல் ஏற்றுகிற டிப்பர், கசிப்பு, பள்ளிக்கூடப் பிள்ளைகள்வரை வந்துவிட்ட ஐஸ் தூள், மாட்டுக் களவு என்று சொல்ல நிறைய இருக்கிறது. இதற்கெல்லாம் யாராவது வந்து கொப்பியை விரித்தால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்போம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலையும் நாங்கள் மறக்கவில்லை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் செத்தவர்களில் ஞாயிறு பள்ளிக்கு வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தத் தாக்குதல் பற்றி இந்தியாவிடம் இருந்து ஏப்ரல் 4ஆம் திகதியே எச்சரிக்கை வந்திருந்தது. கையில் இருந்த தகவலை வைத்துச் செய்யவேண்டியதைச் செய்யவில்லை என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்த்து, முன்னாள் ஜனாதிபதியைப் பத்துக் கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. நாட்டுக்குத் தகவல் பஞ்சம் இருக்கவில்லை. என் அண்ணா மகனின் நம்பரும் சேர்ந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் தப்பியிருப்பார்களா?

சரி, சட்டத்துக்கு வருவோம். எங்கள் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்கென்று தனியாக ஒரு வரி இல்லை. அந்தக் குறையைக் கொஞ்சமாவது தீர்க்க வந்தது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதைக் காக்கவே நீங்கள் இருக்கிறீர்கள். அது முழுதாக அமுலாக 2025 மார்ச்சில் குறித்த திகதியும் தள்ளிப்போனது. தேசிய பாதுகாப்புக்கு அதில் விலக்கு உண்டு என்பது தெரியும். ஆனால் அந்த விலக்கும் சட்டத்தில் சொல்லப்பட்டதாக, தேவையானதாக, அளவானதாக இருக்கவேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. பெயர் சொல்லாத ஆளின் சீ.ஆர். கொப்பி இதில் எதற்குள் அடங்கும்?

தகவல் அறியும் சட்டத்தில் கேட்டுப் பார் என்றார் எங்கள் ஊர் வாத்தியார் ஒருவர். 2016இல் வந்த நல்ல சட்டம், நாங்கள் குளத்துக் கணக்கை அதில்தான் எடுத்தோம். ஆனால் விண்ணப்பத்தில் எந்த அலுவலகம் என்று எழுதவேண்டுமே. "மேலிடம்" என்று எழுதினால் தபால்காரர் எங்கே கொண்டுபோவார்?

இனி டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகிறதாம், இந்தியாவின் நன்கொடை உதவியோடு. முகம், கைரேகை, கண்மணி எல்லாம் அதில் ஏறும். வரட்டும். ஒரே கந்தோரில் வேலை முடிந்தால் பஸ் காசு மிச்சம். ஆனால் அந்த இலக்கத்தின் கீழ் இந்தக் கொப்பிகளும் போய்ச் சேர்ந்துவிடுமா என்பதுதான் பயம். 1979இல் "தற்காலிக ஏற்பாடுகள்" என்று பெயர் வைத்து வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமானதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. விபரம் எடுக்க வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரு துண்டு தரவேண்டும். அதில் அவருடைய பெயர் அல்லது இலக்கம், அலுவலகம், எந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கிறார், எதற்கு, எவ்வளவு காலம் வைத்திருப்பார், பிழை இருந்தால் யாரிடம் திருத்துவது என்று தமிழில் இருக்கட்டும். துண்டு தராதவருக்குப் பதில் சொல்லாமல் விடுவது குற்றம் இல்லை என்று நீங்கள் பகிரங்கமாக ஒரு அறிவித்தல் போடுங்கள். அதை நாங்களே படி எடுத்து ஒவ்வொரு படலையிலும் ஒட்டுவோம்.

துண்டில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று நினைப்பீர்கள். எங்கள் சங்கத்தில் ஒரு அம்மா இருக்கிறா. 2009 மே மாதம் வட்டுவாகல் பக்கம் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு போய் இராணுவத்திடம் ஒப்படைத்தவ. பெயரைக் கேட்டு எழுதினார்களாம். கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டத்துக்கும் போனா, ஆணைக்குழுக்களுக்கும் போனா, காணாமல்போனோர் அலுவலகத்துக்கும் போனா. போன இடமெல்லாம் கேட்கிறார்கள்: "ஒப்படைத்ததுக்கு ஏதும் துண்டு இருக்கா அம்மா?"

இந்த மடலைப் பதிவுத் தபாலிலும் அனுப்பியிருக்கிறேன். தபாற்கந்தோர் தந்த துண்டு சங்கக் கோவையில் இருக்கிறது. பதிலையும் பதிவுத் தபாலிலேயே போடுங்கள். தபால்காரர் என்னிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டுதான் தருவார்.

இப்படிக்கு,
செயலாளர்,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்