ரெயிலை நேராக்கக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

வீட்டில் கட்டிய சிஎன்சி எந்திரத்தின் (கணினி ஓட்டும் வெட்டு எந்திரம்) இரண்டு லீனியர் ரெயில்களும், அதாவது நகரும் பாகத்தை நேராக ஓடவைக்கும் எஃகுத் தண்டவாளங்களும், இப்போது ஒரே தளத்தில், ஒன்றுக்கொன்று இணையாக உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின்மேல் குறுக்காக ஓடும் பாலமான கேன்ட்ரியை ஒரு விரலால் தள்ளினால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே சீராகப் போகிறது. அதற்கு உதவியவர்களுக்கு வெறுமனே நன்றி என்று எழுதினால் போதாது. யார் சொன்னது எதைச் சரிசெய்தது என்பதையும் எழுதினால் அடுத்து கட்டுபவருக்கும் உதவும்.

முதல் நன்றி ஃபிட்டர் அண்ணனுக்கு. ரெயிலைத் தட்டி நேராக்க நினைக்காமல், அது உட்காரும் பரப்பை முதலில் சரிசெய்யச் சொன்னவர் அவர்தான். 15, 20 அளவு (மி.மீ. அகலம்) ரெயில்கள் கையில் கெட்டியாகத் தெரிந்தாலும், 60 மி.மீ.க்கு ஒரு போல்ட் வீதம் இறுக்கும்போது அடியிலுள்ள மேடுபள்ளத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். வெல்டிங் செய்த இரும்புக் குழாய் பத்தில் ஒரு மி.மீ. கணக்கில் வளைந்திருப்பது சாதாரணம். ரெயில்மேல் சிறு குண்டுகளில் உருண்டு ஓடி கேன்ட்ரியைத் தாங்கும் பிளாக்குகளோ இரண்டு ரெயில்களின் இணைத்தன்மையில் 0.02 மி.மீ. அளவுக்கு மேல் பிழையைப் பொறுப்பதில்லை. பிசிறை எண்ணெய்க்கல்லால் தேய்த்து எடுக்காமல் ரெயிலை வைத்தால் அந்த ஒரு புள்ளியே போதும், மொத்த வேலையையும் கெடுக்க.

வளைந்த குழாய்மேல் ரெயிலுக்கு மட்டமான பரப்பு கிடைக்க எபாக்ஸி (ஊற்றியபின் இறுகும் பிசின்) ஊற்றக் கற்றுக்கொடுத்த நண்பருக்கு அடுத்த நன்றி. மெதுவாக இறுகும், தண்ணீர்போல் ஓடும் வகைதான் தேவை. எடை போட்டுக் கலக்க வேண்டும். அதை ஊற்ற இரண்டு பக்கமும் கரை கட்டிய தொட்டிகளை ஒரு கால்வாயால் இணைத்தால்தான் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கும். தொட்டி ரெயிலைவிட இருபுறமும் குறைந்தது 10 மி.மீ. அகலமாக இருக்கட்டும், ஏனென்றால் ஓரத்தில் எபாக்ஸி சுவரைப் பிடித்து ஏறிவிடும். அந்த ஓரத்தைப் பிறகு அரைத்து எடுக்க வேண்டும். மிக மெல்லிய படலமாக ஊற்றினால் அது ஓடி மட்டமாகாது. 5, 6 மி.மீ. ஆழம் நல்லது. முழுவதும் இறுகும்வரை சட்டத்தை யாரும் அசைக்கக் கூடாது.

கடைசல் பட்டறை அண்ணனுக்குத்தான் மிகப் பெரிய கடன். தன் ஸ்ட்ரெய்ட் எட்ஜை (நேர்மை பார்க்கும் நீண்ட சட்டம்) இரவல் தந்ததோடு, அதையே நம்பிவிடாமல் சோதிக்கும் வழியையும் சொன்னார். ரெயிலுக்கு வலப்பக்கம் அதை வைத்து, பிளாக்கில் பொருத்திய டயல் கேஜை (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் கருவி) அதன் விளிம்பில் ஓட்டி ஒவ்வொரு போல்ட்டருகிலும் அளவைக் குறிக்க வேண்டும். பிறகு ஸ்ட்ரெய்ட் எட்ஜை முனைகள் இடம் மாறாமல் நீளவாக்கில் புரட்டி, அதே விளிம்பு ரெயிலைப் பார்க்கும்படி இடப்பக்கம் வைத்து மறுபடி அளக்க வேண்டும். இரண்டு முறையும் இரு முனைகளிலும் சுழியம் காட்டும்படி வைத்துக்கொள்வது அவசியம். ஒரே இடத்தில் எடுத்த இரண்டு அளவுகளின் வித்தியாசத்தில் பாதி ரெயிலின் வளைவு. கூட்டுத்தொகையில் பாதி ஸ்ட்ரெய்ட் எட்ஜின் வளைவு. இதைவிட நேர்மையான அளவீட்டு முறை ஒன்று இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை.

முதல் ரெயில் நேரானபின் இரண்டாவதற்கு ஸ்ட்ரெய்ட் எட்ஜே வேண்டாம் என்று சொன்னவர் வேறொருவர். 20 அளவு ரெயிலின் துளை 6 மி.மீ., போல்ட் எம்5 (5 மி.மீ. விட்டம்). ஆகவே பக்கத்துக்கு அரை மி.மீ. நகர இடமுண்டு. போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, கேன்ட்ரியை ஒரு முனைக்குக் கொண்டுபோய் அதன் அருகிலுள்ள போல்ட்டை இறுக்கி, அடுத்ததற்கு நகர்ந்து இப்படியே போனால் கேன்ட்ரியே இடைவெளியைக் காத்துத் தரும். கேன்ட்ரியை நகர்த்தும் திருகுத் தண்டான பால் ஸ்க்ரூவை முதலில் கழற்றிவிட வேண்டும். அதன் நட்டின் இழுவை இருந்தால் ரெயிலின் இழுவை கைக்குத் தெரியாது. கேன்ட்ரி ஓட்டம் ஒரு முனையில் மட்டும் இறுகினால் இணைத்தன்மையில் பிழை. கேன்ட்ரித் தகட்டின் போல்ட்டுகளைப் பூட்டியதும் எங்கும் இறுகினால் உயரத்திலோ முறுக்கிலோ பிழை, மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வையும் காட்டும் ரசமட்டத்தைக் கேன்ட்ரிமேல் குறுக்காக வைத்து ஓட்டினால் குமிழி நகரும் இடத்தில் அது தெரிந்துவிடும். அங்கே ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) வைக்கலாம்.

இறுக்கும் அளவை எழுதி அனுப்பிய தம்பிக்கும் நன்றி. இரும்பில் எம்5க்கு ஏறத்தாழ 9 நியூட்டன் மீட்டர், எம்4க்கு 4. அலுமினியத்தில் ஏறத்தாழ பாதி. நடுவிலிருந்து இரு பக்கமும், மூன்று சுற்றாக. பிளாக்கைக் கழற்றும்போது அதை ஒரு பிளாஸ்டிக் துண்டு ரெயிலுக்கு மாற்றாவிட்டால் உள்ளிருக்கும் குண்டுகள் கொட்டும் வகைகள் உண்டு என்று எச்சரித்ததும் அவர்தான்.

எபாக்ஸி சுமையில் சற்று அமுங்கக்கூடும் என்பதால் சில வாரம் கழித்து எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி சோதிக்கப்போகிறோம். அதுவரை ரசமட்டத்தை எங்களிடமே விட்டுவைத்த அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி.